குடும்ப வைபவங்களில் காலந்தவறாமை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும், கலியாணம், வளைகாப்பு, மறுவீடு முதலிய காரியங்களில் உண்டாகும் மனஸ்தாபங்களை ஆராய்வோமாயின், சிலர் குறித்த காலத்தில் வாராமையும், வாராதவருக்காகப் பிறர் காத்திராமையும் அவற்றுள் பலவற்றிற்கு வித்தாயிருக்கக் காண்போம்.

"நேரம் பார்ப்பது அந்நியர் கொடுத்த வழக்கம், நம் முன்னோர் கடிகாரத்துக்கு அடிமைப்பட்டவரல்லர்" என்று சிலர் சமாதானம் கூறுவர். இந்திய நியம நேரம் 1906-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் ஏற்பட்டதென்பது மெய்யே. அது திருநெல்வேலியின் சூரிய நேரத்தைவிடச் சராசரி 19 நிமிஷம் முந்தி நடக்கிறதென்பதும் மெய்யே. ஆனால் அதற்குமுன் நம்மவர் காலக்கணக்கின்றி வாழ்ந்தனரோ? நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர். நாழிகை 24 நிமிஷம். விநாழிகையோ 24 விநாடியே. துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழ்வதைக் கொண்டு நாழிகை அறிந்தனர். தாமிரபரணிக் கால்வாய்களின் கடைமடையில் தண்ணீர் குறையுங்காலத்து முறைவைத்துப் பாய்ச்சும் உழவரைக் கேளுங்கள். தன் முறை கழிந்த பின்னும் மடையை அடையாதிருப்பவனை அண்டை வயற்காரன் பொறுப்பதுண்டோ? ஆகவே தாமதம் நமது பரம்பரைச் சொத்தன்று. இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கமேயாகும்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. முகூர்த்தமென்பது 2 நாழிகை, அதாவது 48 நிமிஷம். அவ்வேளை தவறாமல் மாங்கலியதாரணத்தை நாம் நடத்திவிடுகிறோம். நிச்சயதார்த்தமும் வரவேற்பும் விருந்துமோ மணிக்கணக்காகப் பிந்துகின்றன. முன்னதில் பிந்தினால் கிரகங்கள் தண்டிக்குமென அஞ்சுகிறோம். பின்னதில் பிந்தினால் மனிதர் பொறுத்துக்கொள்வரெனத் துணிகிறோம். கிரகங்களுக்குக் காட்டும் மரியாதையை நம் உற்றாருக்குக் காட்டலாகாதா?

பொறுத்துக்கொள்வோர் யாவர்? நீரிழிவுக்கு மருந்துண்டு, வேளை தவறாமல் அன்னம் கொள்ளவேண்டிய முதியோர், பசித்தழும் குழந்தைகள், அம்பாசமுத்திரத்துக்கும் திருச்செந்தூருக்கும் பஸ் பிடிக்கவேண்டியோர், அன்றிரவே நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் திரும்பவேண்டியோர், அடுப்பங்கரையில் நிற்கும் சமையற்காரர். நம் சீமையின் மறுவீட்டுச் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் முதற்பாலை விட்டு, கொதிக்குமுன் இறக்கவேண்டும். விருந்தினர் வரவில்லையென்று மறுபடி அடுப்பிலேற்றினால் பால் திரிந்துவிடும். பிந்தி வந்தவரோ, "சொதி சரியில்லை" என்று குறைகூறிச் செல்வர்!

குறையை வருவோர் தலைமேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. பத்திரிகையில் 6 மணியென்று அச்சிட்டு 7½ மணிக்குத் தொடங்கும் வீட்டார், சொன்னபடி வந்தவரைத் தண்டித்துப் பிந்தி வந்தவருக்குப் பரிசளிக்கின்றனர். அடுத்த கலியாணத்துக்கு அனைவரும் ஒன்றரை மணி கழித்தே புறப்படுவர். அதையறிந்து வீட்டார் இன்னும் முன்னதாக ஒரு நேரத்தை அச்சிடுவர். இவ்வாறு இருதரத்தாரும் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாத நிலை உண்டாகிறது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. செல்வரோ உத்தியோகஸ்தரோ வருமளவும் சபை காத்திருக்கிறது. ஏழைச் சித்தப்பா பிந்தினால் எவரும் கவனிப்பதில்லை. தாமதம் அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. ஒரே குலத்தார் சமமாய் அமரவேண்டிய பந்தியில் இவ்வேற்றுமை தகுமா?

ஆகையால் பின்வரும் நியமங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, பத்திரிகையில் மெய்யான நேரத்தையே அச்சிடுக. முகூர்த்தம், விருந்து இரண்டுக்கும் தனித்தனியே குறிப்பிடுக. இரண்டாவது, குறித்த வேளையில் முதற்பந்தியைத் தொடங்கி, முதியோர், குழந்தைகள், வெளியூரார் ஆகியோரை முதலில் அமர்த்துக. மூன்றாவது, தாய்மாமன் போன்று சடங்குக்கு இன்றியமையாதவர் முந்தின இரவே வந்து சேர்க. நான்காவது, பிந்த நேர்ந்தவர் டெலிபோனில் அறிவித்து, "எனக்காகக் காத்திராதீர்கள்" என்று தாமே சொல்லுக. வந்தபின் சடங்கின் நடுவே மேடையேறாமல் பின்வரிசையில் அமர்க. ஐந்தாவது, பிந்தி வந்தவரை வாசலில் கடிந்துகொள்ளாதிருக்க. நோயோ, வண்டியின் தாமதமோ, கையில் மொய்ப்பணம் இல்லாத சங்கடமோ, எது தடுத்ததென்று நாம் அறியோம்.

துக்க வீடு ஒன்றே விதிவிலக்கு. தூரதேசத்திலிருந்து வரும் மகனுக்கோ மகளுக்கோ கடைசியாக முகம்பார்க்கக் காத்திருப்பது தர்மம். அங்கும், எடுக்கும் நேரத்தைத் தீர்மானித்து உறவினருக்கு முன்னதாக அறிவித்தல் வீட்டாருக்கு ஆறுதலாகும்.

சகோதரர்களே! பணத்தைக் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கலாம். பிறருடைய நேரத்தை எடுத்துக்கொண்டால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. வருகிற தை மாதக் கலியாணங்களிலேயே இதனைத் தொடங்குவோமாக. அவ்விதம் தொடங்கும் முதல் வீட்டார் சில நாற்காலிகள் காலியாயிருக்கக் கண்டு மனந்தளரற்க. அடுத்த வீட்டில் அவை வேளையோடு நிரம்பும்.