தாமிரபரணிக் கரையிலே நம்ம ஊர்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'நம்ம ஊரின் வரலாறு' என்று தலைப்புக் கொடுத்து இருபது நிமிஷமும் கொடுத்திருக்கிறார்கள். மூவாயிரம் வருஷத்தை இருபது நிமிஷத்தில் சொல்ல என்னால் ஆகாது. அதனால் ஆற்றை மட்டும் பிடித்துக் கொள்கிறேன். ஆற்றைப் பிடித்துக் கொண்டால் ஊர் தானாகக் கூட வரும்.

நான் படித்த காலத்தில் டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு சைக்கிளில்தான் வருவேன். ஸ்ரீபுரம், ஈரடுக்குப் பாலம், ஜங்ஷன், அப்புறம் சுலோசன முதலியார் பாலம். அந்தப் பாலத்தில் ஏறினதும் ஒரு காற்று வரும் பாருங்கள், முதல் பீரியட் கணக்குப் பாடம் என்கிற பயமே போய்விடும். மூன்று வருஷம் தினமும் இரண்டு தடவை அந்த ஆற்றைக் கடந்தேன். ஆனால் அந்தப் பாலத்தை யார் கட்டினார், எதற்குக் கட்டினார் என்று ஒரு நாள் கூட நான் கேட்டதில்லை. வேலைக்கென்று வெளியூர் போன பிறகுதான் தெரிந்து கொண்டேன்.

முதலில் ஆற்றைப் பற்றி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற வரைக்கும் தாமிரபரணி தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. நீளம் சுமார் 128 கிலோ மீட்டர்தான். காவிரியோடு பார்த்தால் சின்னப் பிள்ளை. ஆனால் இரண்டு பருவ மழையும் அதற்கு உண்டு. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள். ஊரின் பெயரிலேயே நெல் இருக்கிறது. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்து 2021இல் அறிவித்தார்கள். ஆதிச்சநல்லூரில் 1876லேயே தோண்டத் தொடங்கி விட்டார்கள். ஆக இந்த ஆற்றங்கரையில் சோறு பொங்குவது நேற்று இன்று ஆரம்பித்த காரியம் இல்லை.

நம்ம ஊர் ஒரே ஊர் என்று நினைக்கிறோம். உண்மையில் பல ஊர்களை ஆறு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி டவுன். கிழக்கே கோட்டையும் தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களுமாகப் பாளையங்கோட்டை. தெற்கே பள்ளிவாசல்களும் தறிச் சத்தமுமாக மேலப்பாளையம். 1994இல் மாநகராட்சி ஆன போதுதான் இவையெல்லாம் ஒரே பெயருக்குள் வந்தன. அதற்கு முன்னால் "எங்கே போறிய?" என்று கேட்டால் டவுன்காரர் "பாளைக்குப் போறேன்" என்பார், ஏதோ வெளியூருக்குப் போகிற மாதிரி!

ஆனால் கல்விக்கு மட்டும் இந்த எல்லைகள் இருந்ததில்லை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குச் சும்மா பெயர் வரவில்லை. கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே பள்ளிகள் வந்துவிட்டன. பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி வந்தது. பாரதியார் படித்ததும் புதுமைப்பித்தன் படித்ததும் டவுன் பக்கத்து இந்துக் கல்லூரியில். வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் கம்பனைச் சுவைக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். சாதியும் மதமும் தெருவுக்குத் தெரு கோடு போட்டிருந்த ஊரில், அறிவு மட்டும் கோட்டைத் தாண்டிப் போய் வந்து கொண்டிருந்தது.

இப்போது பாலத்துக்கு வருகிறேன். 1840 வாக்கில் இந்த ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது, படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. படகில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு, அடிதடி. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர் சுலோசன முதலியார். இன்றைய கணக்கில் ஓர் அரசு ஊழியர், அவ்வளவுதான். பாலத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வந்தபோது அவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். மனைவியும் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பதினோரு வளைவுகளோடு 1843இல் பாலம் திறக்கப்பட்டது. இன்றைக்குப் பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய வளைவுகள் நம் பஸ்ஸையும் லாரியையும் தாங்கிக் கொண்டு நிற்கின்றன. அவருக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை. சுங்கம் வசூலிக்கவும் இல்லை. அக்கரையில் நிற்கிறவன் நம்ம ஆள் என்று நினைத்தார், அதுதான் காரணம்.

இப்படி நினைக்கிற குணம் இந்த ஊருக்கு அவ்வப்போது வரும். 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்த மறுநாள், 13ஆம் தேதி, ஊரே தெருவுக்கு வந்தது. கல்லூரி மாணவர்களும் வகுப்பை விட்டு வந்தார்கள். நகராட்சி அலுவலகமும் தபாலாபீசும் எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கப்பல் விட்ட ஒருவருக்காக இங்கே உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். கல்லூரிக்கென்று ஒரு வரலாறு இருந்தால், அன்றைக்குக் காலியாகக் கிடந்த பெஞ்சுகளும் அதில் சேர்த்திதான்.

அந்தக் குணம் இல்லாமல் போன நாளும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இது உரையாக இருக்காது, வெறும் புகழ்மாலையாகத்தான் இருக்கும். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. தப்பிக்க வழியில்லாமல் ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 உயிர் போயிற்று. அதில் பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆற்றில் மனிதர் உயிர் போகக் கூடாதென்று ஒருவர் கட்டின பாலத்துக்குப் பக்கத்திலேயே அது நடந்தது. பாலத்தில் போகும்போது அந்தப் படித்துறைப் பக்கம் திரும்பினால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

ஆறும் சும்மா இருப்பதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது, உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வரும் என்றால் உற்சவ மூர்த்தியைக் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். வெள்ளம் கோயிலை மூடும், வடியும், சேற்றைக் கழுவிவிட்டு மறுபடியும் பூஜை. ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல் வாழ்வதற்கு நம் முன்னோர் கற்றுக் கொடுத்த பாடம் அது. நாமோ குளத்தை மூடினோம், ஓடைமேல் கடை கட்டினோம். 1992 நவம்பரிலும், 2023 டிசம்பர் 17, 18லும் ஆறு வந்து தன் இடத்தைக் கேட்டது. கலெக்டர் அலுவலகத்துக்கு உள்ளேயே தண்ணீர் வந்து நின்றது.

கடைசியாக என் சொந்தக் கதை ஒன்று. டவுனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். சின்ன வயதில் ஒரு நாள் ஆற்றில் குளிக்கும்போது காறித் துப்பினேன். ஆச்சி முதுகில் ஒன்று போட்டாள். "ஏலே, ஆத்துல துப்பாத. கீழ ஒருத்தன் அள்ளிக் குடிப்பான்லா" என்றாள். ஸ்ரீவைகுண்டம் எங்கே, தூத்துக்குடி எங்கே என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்று தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி அந்த வீட்டைப் புதுப்பித்தேன். கக்கூஸ் குழாயை எங்கே விட்டிருக்கிறது என்று கொத்தனாரிடம் கேட்டேன். "எங்க சார் விடுவாவ? வாய்க்கால்லதான்" என்றார். எத்தனை வருஷமாக? அவர் விரலை விட்டு எண்ணிப் பார்த்து முப்பது இருக்கும் என்றார். ஆச்சி இறந்து, வீட்டை நான் இடித்துக் கட்டியதிலிருந்து! பட்டணத்தில் உட்கார்ந்து கொண்டு "தாமிரபரணித் தண்ணீர் இல்லாவிட்டால் அல்வாவுக்கு ருசி ஏது" என்று நண்பர்களிடம் பெருமை பேசினவன் நான். அந்தத் தண்ணீரில் என் பங்கு என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாக்கடை கலப்பதைப் பார்க்க 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து போனார்கள். பத்திரிகையில் அதைப் படித்தபோது, என் வீட்டுக் குழாயைத் தேடித்தான் வந்தார்களோ என்று இருந்தது.

இப்போது வீட்டில் செப்டிக் டேங்க் கட்டிவிட்டேன். அது பெருமை இல்லை, பாக்கியைக் கொஞ்சம் அடைத்தேன், அவ்வளவே.

அன்பு மாணவர்களே, சுலோசன முதலியார் மாதிரி பாலம் கட்ட நம் எல்லோராலும் முடியாது. ஆனால் இன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போய், நம்ம வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேட்க முடியும். முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் இந்த மேடையிலேயே ஒரு கணக்குச் சொல்லுவோம். எத்தனை வீட்டில் கேட்டோம், எத்தனை குழாயைத் திருப்பினோம் என்று. முதல் வீடு என்னுடையது, எழுதிக் கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கடைசியில் அல்வாவும் உண்டாம்.