வயிற்றுப்போக்கு நிற்கவில்லையா? இருவரும் சேர்ந்து வாருங்கள்



ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகிற குடும்பங்கள் ஏராளம். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போச்சு. அதனால் வயிற்றுப்போக்கு வந்தால், "சூடுதான், வேறொண்ணுமில்லை" என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை, உடம்பும் இளைக்கிறது என்றால் அது வெறும் சூடு அல்ல. குடலில் ஒட்டுண்ணிக் கிருமி இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டால் இந்தக் கிருமிகள் உயிருக்கே உலை வைக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி மற்றவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். அவருக்கோ மாதக்கணக்கில் நீடிக்கும்.

வழி என்ன? அரசு மருத்துவமனையில் மலப் பரிசோதனை செய்யுங்கள். சில கிருமிகளைத் தனிச் சாயம் ஏற்றித்தான் பார்க்க முடியும். ஆகவே எச்.ஐ.வி. இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கிருமிக்கு ஏற்ற மருந்து உண்டு. ஆனால் அடிப்படை மருந்து, தினமும் தவறாமல் சாப்பிடும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துதான். 2004 முதல் அரசு அதை இலவசமாகத் தருகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை:

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். குளோரின் மட்டும் போட்டால் கிரிப்டோஸ்போரிடியம் சாகாது.

கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும், கன்றுக்குட்டிச் சாணம் அள்ளிய பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வெறுங்காலோடு வெளியே போகாதீர்கள். ஊருக்கே செருப்புத் தைக்கிற நாம், நம் காலுக்குப் போட வேண்டாமா? கொக்கிப் புழு பாதத் தோல் வழியாகத்தான் ஏறுகிறது.

போக்கு இருக்கும்போது ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். சோற்றை நிறுத்தாதீர்கள்.

தங்கச்சி, வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் தட்டைத் தனியாக வைக்காதே. சேர்ந்து சாப்பிட்டால் அது ஒட்டாது. தம்பி, பெண்டாட்டியிடம் மறைக்காதே. இருவரும் நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 1986-ல் சென்னையில் எடுத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் நம் நாட்டில் இந்நோய் முதலில் தெரிந்தது. அன்று மருந்தில்லை. இன்று இருக்கிறது. உங்கள் சம்மதமின்றி விஷயத்தை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சந்தேகமா? 1097-க்குப் பேசுங்கள், கட்டணமில்லை.

ஒரு நாள் சம்பளம் போனால் சம்பாதிக்கலாம். ஆள் போனால்?