வலையில் ஒரு வாசல்



இந்தியப் பெருங்கடலிலுள்ள செய்ஷெல்ஸ் தீவுகளுக்கு விடுமுறையில் செல்கிறவர்கள், படகில் தீவு தீவாகப் போய் ராட்சத ஆமைகளைப் பார்த்து வியந்து திரும்புகிறார்கள். நூறு ஆண்டுகளையும் கடந்து வாழக்கூடிய உயிர்கள் அவை. ஒரு காலத்தில் மொரிஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் தீவுகளிலும் அவற்றின் உறவினங்கள் ஏராளமாக இருந்தன. தீனி இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், கப்பல்காரர்கள் அவற்றை உணவுக்காக அள்ளி ஏற்றினார்கள். அந்த மூன்று தீவுகளுக்கே உரிய ஆமை இனங்கள் இன்று பூண்டோடு இல்லை. மனிதர் எளிதில் குடியேற முடியாத அல்டாப்ராவில் மட்டும் ஓர் இனம் தப்பியது. 'போதும்' என்று சொல்ல அந்தக் கப்பல்களில் ஆள் இல்லை.

அன்பார்ந்தவர்களே, ஆமையைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இறங்குகிற அதே பருவத்தில், கோட்டைக்குப்பத்தை ஒட்டிய கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வருகின்றன. ஆலிவ் ரிட்லி என்று படித்தவர்கள் சொல்வது இவற்றைத்தான். தாய் ஆமை மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது.

கடலில் வாழ்ந்தாலும் ஆமைக்கு மூச்சு மேலேதான். விசைப்படகின் இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால், தண்ணீரில் வாழும் அந்த உயிர் தண்ணீரிலேயே மூச்சடைத்துச் சாகிறது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாம் மறக்க முடியாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இழுவலைக்குள் சாய்வான கம்பிச் சட்டமும் ஒரு திறப்பும் வைப்பார்கள். மீனும் இறாலும் கம்பிகளின் இடைவெளியில் உள்ளே போய்விடும். பெரிய ஆமை திறப்பு வழியாக வெளியேறிவிடும். வலையிலேயே ஒரு வாசல்! 'அந்த வாசலில் மீனும் போய்விடுமே, டீசல் கடனை யார் அடைப்பது?' என்று படகுக்காரர் கேட்பார். நியாயமான பயம். அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, மலிவான இறாலுக்குப் பேரம் பேசுகிற நாம் நல்லவர்களாகிவிட முடியாது.

ஆனால் பழவேற்காட்டு மீனவருக்கு வாசல் வைக்கத் தெரியும். தலைமுறை தலைமுறையாக ஏரியில் 'பாடு' முறை நடக்கிறது. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைக்கிறார்கள். நல்ல மீன்பாடு உள்ள இடம் ஒருவருக்கே சொந்தமில்லை. இன்று எனக்கு, நாளை உனக்கு. அதிலும் மனத்தாங்கல்கள் உண்டு. என்றாலும், அடுத்தவன் அடுப்பும் எரிய வேண்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

விவிலியமும் இதையே கற்பிக்கிறது. அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்கிறது லேவியர் நூல். கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப் பறவையைப் பிடிக்காமல் போகவிடச் சொல்கிறது இணைச்சட்டம். இன்னொன்றையும் கவனியுங்கள். தொடக்க நூலில் கடவுள் முதன்முதலாக ஆசி வழங்குவது யாருக்கு? ஆதாமுக்கு அல்ல, ஐந்தாம் நாளில், கடல்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும். பலுகிப் பெருகும் ஆசியை அவை நமக்கு முன்பே பெற்றுவிட்டன. அதைப் பறிக்க நமக்கு உரிமை ஏது?

எனவே, பழவேற்காட்டிற்குச் சுற்றுலா போனால், படம் எடுப்பதற்காகப் பூநாரைக் கூட்டத்தைத் துரத்தச் சொல்லாதீர்கள். நெகிழிப் பையை ஏரியில் வீசாதீர்கள். கரையோரத்தில் வசிப்பவர்கள், முட்டை பொரிக்கும் மாதங்களில் கடலைப் பார்த்த விளக்கை அணைத்து வையுங்கள்; வெளிச்சத்தை நோக்கி ஓடும் குஞ்சுகள் வழிதவறிப் போகும். கடலுக்குப் போகாதவர்களும் தங்கள் வலையைப் பார்க்க வேண்டும். நம் கடை, நம் நிலம், நம் சம்பளம், இவையும் வலைகளே. பிறர் மூச்சுவிட அதில் ஒரு வாசல் இருக்கிறதா?

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்கள் வலைகளை நிரப்பும், எங்கள் மனத்திற்குப் போதும் என்று சொல்லக் கற்றுத்தாரும். ஆமென்.