அந்த ஐந்தாறு செல்கள்

சோதனைக்குழாய் முறையில் உருவான கருவைத் தாயின் கருப்பையில் வைக்கும் முன், அதன் குரோமோசோம்களைச் சோதிப்பதுண்டு. கருவுக்கு அப்போது வயது ஐந்து நாள். உள்ளே ஒரு சிறு திரள். குழந்தையாக வளர்வது அதுதான். சுற்றிலும் ஓர் உறை, அது நஞ்சுக்கொடியாகும். சோதனைக்கு எடுப்பது உறையிலிருந்து ஐந்தாறு செல்கள்தான். குழந்தையாகப் போகும் பகுதியை யாரும் தொடுவதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்போம். அடிப்பிடித்த பானையில் அந்தக் கணக்கு பலிக்காது இல்லையா? கருவும் சில நேரம் அப்படித்தான். சில செல்களில் கோளாறு இருக்கும், மற்றவை நன்றாகவே இருக்கும். இதை மொசைக் என்கிறார்கள்.

இத்தாலியில், ரோம் நகர மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வேறு நல்ல கரு கிடைக்காத பெண்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, மொசைக் கருவையே வைத்தார்கள். எல்லாம் நிலைக்கவில்லை. ஆனாலும் ஆரோக்கியமான ஆறு குழந்தைகள் பிறந்தன! 2015-இல் இந்த முடிவு வெளியானது. மொசைக் என்று அந்தக் கருக்களை ஒதுக்கிவிட்டிருந்தால் அந்த ஆறு பேரும் இல்லை.

உங்கள் அறிக்கையில் மொசைக் என்றிருந்தால், கருவை வேண்டாமென்று சொல்வதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: எந்தக் குரோமோசோமில் கோளாறு, எத்தனை செல்களில்?