நாற்றுமேடைக்கு முன்னரே



காலபோக மழை ஓய்ந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மேட்டுநிலங்களில் கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை என்று தோட்டங்கள் தொடங்கிவிடும். விதை, உரம், கூலி, தண்ணீர் இறைப்பு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கணக்குப் பார்க்கிறோம். பூச்சிக்கு மட்டும் அது வந்த பிறகுதான் யோசிக்கிறோம். அப்போது மருந்துக்கடையைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. பீடைக்கான திட்டத்தை நாற்றுமேடை போடுமுன்னரே போட்டுவிட வேண்டும் என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

கத்தரியை எடுத்துக்கொள்வோம். செடி பச்சையாக நிற்கும்; ஒரு குருத்து மட்டும் வாடித் தொங்கும். அதை ஒடித்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவே குடைந்த வழி, அதில் கழிவு, அதன் முடிவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு. இதுதான் தண்டையும் காயையும் துளைக்கும் புழு.

இதன் தாய் அந்துப்பூச்சி இரவில் இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். சில நாளில் பொரிக்கும் புழு, சில மணித்தியாலங்களுக்குள் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். ஏறக்குறைய இரண்டு கிழமை உள்ளேயே தின்று வளர்ந்து, பிறகு வெளியே வந்து சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். நாங்கள் அடிக்கும் மருந்து அதன்மேல் படக்கூடிய நேரம் அந்தச் சில மணித்தியாலங்கள் மட்டுமே. கிழமைக்கு இரண்டு தரம் அடித்தும் சூத்தைக்காய் குறையாததற்குக் காரணம் இதுதான்.

அடித்த மருந்து வேறொரு வேலையும் செய்துவிடும். பொறிவண்டு, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் முதலில் சாகும். அவை தின்றுவந்த வெண் ஈயும் சிற்றுண்ணியும் வெயில் ஏற ஏறப் பெருகும். வயல் செய்பவர்கள் கபிலநிறத் தத்தியில் இதைக் கண்டிருப்பார்கள். இந்தோனேசியாவில் அந்தத் தத்தி அடிக்க அடிக்கப் பெருகியதால், 1986இல் நெல்லுக்கு அடித்துவந்த 57 பீடைநாசினிகளை அரசு தடைசெய்து, வயலைக் கவனித்து முடிவெடுக்க விவசாயிகளைப் பழக்கியது.

நம் நாட்டில் 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் பீடைநாசினியையும் இறக்கத் திடீரெனத் தடை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நீங்கியது. மருந்துப் போத்தலை மட்டும் நம்பியிருந்த தோட்டக்காரர் அந்த மாதங்களில் கையற்று நின்றார்கள். மாற்று வழியை ஓர் இரவில் உண்டாக்க முடியாது. அது போகத்துக்குப் போகம் பழகி வரவேண்டிய வேலை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் இடம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று நின்ற நிலத்தில் அடுத்த போகம் மற்றொன்றை வைக்காமல் பயிற்றையோ சோளமோ போடுங்கள். கழித்த கத்தரிச் செடியை விறகுக்கென்று வேலியோரம் குவிக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கூட்டுப்புழுதான் புதுத் தோட்டத்துக்கு அந்துப்பூச்சியாக வரும். நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிட்டு விதையுங்கள். மேலே வலை போடுங்கள்.

நட்ட பிறகு, கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மூலைக்கு மூலை நடந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். வாடிய குருத்தைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே நறுக்குங்கள். சூத்தைக்காயையும் பொறுக்குங்கள். இவற்றை வரம்பிலோ வாய்க்காலிலோ எறிந்தால் புழு வெளியே வந்துவிடும். தடித்த பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள். பாகலிலும் புடோலிலும் பழ ஈ குத்தி விழுந்த பிஞ்சுகளுக்கும் இதே முறைதான். கத்தரிப் புழுவின் ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி பற்றி உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

சாறுறிஞ்சும் பூச்சிகள் தலைகாட்டும்போது வேம்பைப் பயன்படுத்துங்கள்; வன்னியில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் இடித்த வேப்பம் பருப்பு; இரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து பின்னேரத்தில் அடியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பூச்சி மிஞ்சினால் மருந்து அடிக்கலாம். பதிவுபெற்ற மருந்தா, எந்தப் பயிருக்கு, என்ன அளவு என்று லேபலை வாசியுங்கள். இரண்டு மூன்றைக் கலந்தடிக்காதீர்கள். அடித்த பின் எத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்பது அதில் இருக்கும். நாளைக்குச் சந்தை என்பதற்காக அந்த நாட்களைக் குறைக்காதீர்கள். அந்தக் காயை உண்பவர்கள் நம் பிள்ளைகளும்தான். டாங்கியைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

அந்துப்பூச்சிக்கு வேலி தெரியாது. நீங்கள் நறுக்கி, பக்கத்துக்காரர் நறுக்காவிட்டால் உங்கள் உழைப்பு பாதிதான். ஆகவே இந்தப் போகம் விதை வாங்குமுன் உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஊர் முழுவதும் குருத்து நறுக்க ஒரே நாளைக் குறியுங்கள்.