முதுமையில் தோழமை

கடலூரில் இரண்டு நகரங்கள் உண்டு. மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் சேர்ந்த பகுதி புதுநகர். அதற்குத் தெற்கே, உப்பனாற்றங்கரையில், துறைமுகத்தை ஒட்டி அமைந்த பகுதி முதுநகர். பழைய ஊர் என்று சொல்லியிருந்தாலும் பொருள் ஒன்றுதான். ஆனால் பழையது என்றால் கழித்துவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. முதியது என்று சொல்லும்போது அந்த எண்ணம் வருவதில்லை; மரியாதை ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. ஊருக்குக் கிடைத்த இந்த மரியாதை ஊரிலுள்ள முதியவர்களுக்கும் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்பைத் தேடிப் போய்விட, வீட்டுக்குக் காவலாகவும் தமக்குத் தாமே காவலாகவும் இருக்கின்ற கிழவர்களும் கிழவிகளும் நம் தெருக்களில் பெருகிவிட்டார்கள். இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பிள்ளைகளின் கடமை என்ற பொருளே முந்திக்கொள்ளும். கடமையை வற்புறுத்துவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். முதியவர்க்கு முதியவர் செய்யும் துணையைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன்.

முதுநகரில் ஒரு தெருவில் நான் கண்ட மூன்று மூதாட்டியரைச் சொல்கிறேன். ஒருவருக்குக் கண்புரை நீக்கியபின் பார்வை தெளிவு. ஆனால் முழங்கால் மடங்காது. மற்றொருவருக்குக் கால் திடம், காது மந்தம். மூன்றாமவருக்குக் கண்ணும் காலும் சுமார்தான்; ஆயினும் அம்மூவரில் அவருடைய வீடு ஒன்றுதான் மழைக்கு ஒழுகாதது. கண்ணுடையவர் மாத்திரை அட்டையில் தேதி பார்த்துச் சொல்வார். கைபேசியில் வந்த செய்தி வங்கியிலிருந்தா, ஏமாற்றுக்காரனிடமிருந்தா என்று தம்மால் இயன்றவரை ஆராய்வார். காலுடையவர் கடைக்குப் போவார். ரேஷன் கடைக்கு மற்ற இருவரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வார். கடையில் விரல்ரேகை வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக மீன் அறுத்தும் கருவாடு புரட்டியும் ரேகை தேய்ந்துபோன விரலைக் கருவி ஏற்க மறுக்கும். தனியாகப் போனவர் வெறும் பையோடு திரும்பி வருவார். கூட ஒருவர் இருந்தால், 'இன்னொரு விரலை வைத்துப் பாருங்கள்' என்று சொல்லிக் கொஞ்சம் சத்தமும் போட்டுப் பார்க்கலாம். மூன்றாமவர் வீட்டில் மூவருக்கும் மாலைத் தேநீர். ஆக, மூன்று உடம்புகளைச் சேர்த்து ஒரு முழு ஆளாக்கிக்கொண்டு அவர்கள் காலந்தள்ளுகிறார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த வேலைப்பங்கீடு அன்று. அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். 'அடி' சேர்த்துத்தான் அழைக்கிறார்கள். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஒரு பெண் பிறந்த வீட்டில் பெயரோடு இருக்கிறாள். மணமானபின் இன்னாருடைய மனைவி. பிறகு இன்னாருடைய அம்மா. அறுபதைத் தாண்டினால் ஊருக்கெல்லாம் ஆயா. பெற்றோரும் கணவரும் அண்ணன்மாரும் மறைந்தபின், அவளுக்குப் பெற்றவர்கள் இட்ட பெயரைச் சொல்லும் குரல் உலகத்தில் எதுவும் இல்லை. அரசு அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது குமாஸ்தா வாசிப்பதைத் தவிர அப்பெயர் காதில் விழுவதில்லை. மகன் எவ்வளவு அன்புடையவனாயினும் அம்மா என்றுதான் அழைக்க முடியும். அவளும் ஒரு காலத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உப்பனாற்றுச் சேற்றில் நண்டு பிடித்தவள் என்பதை அறிந்திருக்க ஒத்த வயதுக்காரி ஒருத்தியாலேதான் இயலும். முதுமையில் நட்பு என்பது பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோப்பெருஞ்சோழனுக்கும் பிசிராந்தையாருக்கும் இருந்த நட்பை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். உணர்ச்சி ஒத்திருந்தால் போதும், பழக்கம் வேண்டுவதில்லை என்பதற்கு உரையாசிரியர் அதனை எடுத்துக்காட்டினார். நாமும் அதோடு நிறுத்திக்கொண்டோம். புறநானூற்றில் அதன் பின்னணியைப் பார்த்தால் அது ஒரு தந்தையின் துயரக் கதையும் ஆகும். பெற்ற மைந்தர்கள் தந்தைமேல் படையெடுத்து வந்தார்கள். அவனும் அவர்கள்மேல் போருக்கு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்து அறிவுரை கூறிய பிறகே அமைந்தான். மனம் வெறுத்து வடக்கிருந்தபோது அவன் எதிர்பார்த்தது, ஒருமுறையும் நேரில் கண்டிராத நண்பரை. அவருக்கென்று தன் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் பாண்டிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். இவ்வளவு வயதாகியும் நரை தோன்றாதது ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் கூறிய காரணங்களில், வீட்டாரும் ஏவலரும் அரசனும் நல்லவர்களாக அமைந்தது முன்னே வருகிறது. தம் ஊரில் வாழும் சான்றோர்கள் கடைசியில் வருகிறார்கள். அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். வீட்டார் அமைவது நம் கையில் இல்லை. ஊரார் அமைவது ஓரளவு நம் கையிலும் இருக்கிறது. காணாமலே நட்புக் கொள்வது அரசர்க்கும் புலவர்க்கும் சரி. இரவு பத்து மணிக்கு மூச்சு முட்டினால் கூப்பிட அடுத்த வீட்டு நட்பு வேண்டும்.

அடுத்த வீட்டு நட்பு தானாக வளர்வதும் உண்டு. அதற்கென்று பந்தல் போட்டு வளர்ப்பதும் உண்டு. பந்தல் போட்ட கதை ஒன்று கடலூர்க் கடற்கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. சிங்காரத்தோப்பும் தேவனாம்பட்டினமும் தாழங்குடாவும் அன்று பட்ட பாட்டை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். உதவிகள் வந்து குவிந்தன. ஆனால் அவ்வுதவிகள் பெரும்பாலும் குடும்பத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் வந்தன. படகும் வலையும் கடலுக்குப் போகக் கூடியவர்களுக்கு வந்தன. மகன் வீட்டு அட்டையில் ஒரு பெயராக ஒடுங்கிக் கிடந்த முதியவர் அந்தக் கணக்கில் தனி ஆளாகத் தென்படவில்லை. தலைச்சுமையாக மீன் விற்றுத் தம் வெற்றிலைக்கும் பேரன் மிட்டாய்க்கும் சம்பாதித்துக்கொண்டிருந்த கிழவிக்குக் கூடை போயிற்று, முதலும் போயிற்று. மகளிர் குழுவில் சேரலாம் என்றால் அறுபது வயதோடு அங்கே இடம் முடிந்துவிடும். வங்கி கடன் கொடுக்குமா? திருப்பிக் கட்டும்வரை இருப்பாரா என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அதுதான் அதன் பொருள்.

அந்த நிலையில், 1978இல் தொடங்கப்பட்ட ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனத்தார் கடலூர், நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் முதியோர் சுய உதவிக் குழுக்களை அமைக்கத் துணை செய்தார்கள். ஆதரவற்றவர்களுக்காகக் கடலூருக்கு அருகே தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமம் ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். பின்னாளில் அரசின் வாழ்வாதார இயக்கமும் முதியோர்க்கெனத் தனிக் குழுக்களுக்கு இடமளித்தது. குழுவின் அமைப்பு எளியது. பத்திலிருந்து இருபது பேர். ஆளுக்குச் சிறு தொகை சேமிப்பு. சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினருக்கே கடன், வட்டியும் குழுவுக்கே. கடன் வாங்கியவர் கருவாட்டுக் கூடை எடுப்பார். இட்லிக் கடை போடுவார். இரண்டு வெள்ளாடு வாங்குவார். யாருக்குக் கொடுத்தால் திரும்பும் என்பது வங்கி மேலாளரைவிட அந்தக் கிழவிகளுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது ஆண்டுகளாக ஒருவருக்கொருவர் கைமாற்று வாங்கி ஏமாந்தும் ஏமாற்றியும் பெற்ற அறிவு அது!

ஆயினும், கடனைவிடக் கூட்டமே பெரிது என்பது என் கருத்து. குறித்த நாளில், குறித்த மரத்தடியில் பதினைந்து பேர் கூட வேண்டும். பதினான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், வராதவர் எங்கே என்ற கேள்வி பிறக்கும். ஒருவர் எழுந்துபோய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார். தான் வராவிட்டால் ஒருவராவது கவனிப்பார் என்ற உறுதி இருக்கிறதே, அது முதியவர்க்குச் சோற்றுக்கு அடுத்த தேவை.

ஜப்பானின் தென்கோடியில் ஒக்கினாவா என்னும் தீவு நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றது. அங்கே 'மோஆய்' என்று ஒரு வழக்கம். நண்பர்கள் சிலர் மாதந்தோறும் கூடி ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். இளமையில் சேர்ந்தவர்கள் தொண்ணூறு வயதிலும் அதே கூட்டத்தில் இருப்பதுண்டாம். நம்மூர்ச் சீட்டின் உடன்பிறப்பு என்று சொல்லலாம். நம் பெண்கள் சீட்டுப் போடுவதைக் கண்டு வீட்டு ஆண்கள் கேலி செய்வது வழக்கம். பணம் சேர்க்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் ஆளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்கள் நிலை இதில் பரிதாபமானது. சிதம்பரத்தில் விடியற்காலையில் தேரோடும் நான்கு வீதிகளையும் சுற்றி நடக்கும் ஓய்வுபெற்றவர்களைக் காணலாம். ஆசிரியர்கள், அலுவலர்கள், பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர்கள். நாட்டு நடப்பிலிருந்து அகவிலைப்படி வரை அவர்கள் அலசாத பொருள் இல்லை. எனக்குத் தெரிந்த அத்தகைய குழு ஒன்றில், பல ஆண்டுகளாக உடன் நடந்த ஒருவர் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெளியூர் போயிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். அவரோ தம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். மனைவி முன்பே காலமாகிவிட்டார், மகன் அயல்நாட்டில். இரண்டாம் நாள் காலையில் பால்காரர், முதல் நாள் வைத்த பால் எடுக்கப்படாமல் இருப்பதைக் கண்டு ஐயுற்றுக் கதவை இடித்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். பிறகு விசாரித்தபோது தெரிந்தது: உலக அரசியலெல்லாம் பேசிய அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் அவருடைய வீடு எந்தச் சந்தில் என்பது தெரியாது! வீட்டுக்குள் நுழைந்து அடுப்படி வரை போகும் பழக்கம் பெண்களிடம் இருக்கிறது. ஆண்களின் நட்பு திண்ணையோடு நின்றுவிடுகிறது. இப்போது வீடுகளில் திண்ணையும் இல்லை.

அந்தக் குழுவினர் அதன்பின் இரண்டு காரியம் செய்தார்கள். எண்மரின் முகவரியும், பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும், உண்ணும் மருந்தின் பெயரும் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டார்கள். தனியாக இருப்பவர்கள் வீட்டு மறுசாவியை இன்னொருவரிடம் கொடுத்துவைத்தார்கள். இரண்டாவதற்குத்தான் மிகுந்த தயக்கம் இருந்ததாம். சாவியைக் கொடுப்பதென்றால் மானத்தையே கொடுப்பதுபோல் ஒரு கூச்சம். உதவி பெறுவது இழிவு என்ற எண்ணம் ஆண்களை எளிதில் விடுவதில்லை. நானும் ஒருவர்க்கு நாளை உதவப்போகிறேன் என்ற நிலை ஏற்பட்டால்தான் அது தளர்கிறது. கொடுப்பவர் ஒருபுறமும் வாங்குபவர் ஒருபுறமுமாக நிற்கும் தருமத்தில் அது நடப்பதில்லை. ஒத்தவர்களுக்குள் நடக்கும் கைம்மாற்றில்தான் நடக்கிறது.

அரசும் சட்டமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கைவிட்ட பிள்ளைமேல் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதம் இவ்வளவு என்று வாங்கித் தர அச்சட்டத்தில் வழியுண்டு. வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கிற்று. ஆனால் மனு எழுத அலுவலகத்துக்குக் கூட வருவதற்கும், பெற்ற மகன்மேல் புகார் கொடுத்த இரவில் அழுகிறவர் பக்கத்தில் படுத்துக்கொள்வதற்கும் சட்டத்தில் பிரிவு இல்லை.

முதியவர்கள் நட்பென்றால் எல்லாம் தேனும் பாலுமாக இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கேட்காத காதுக்குக் கத்த வேண்டும். சொன்ன கதையையே திரும்பக் கேட்க வேண்டும். எவர் மருமகள் நல்லவள் என்பதில் போட்டி உண்டு. எவர் நோய் பெரியது என்பதிலும் உண்டு. நான் முன்னே சொன்ன முதுநகர் மூதாட்டியர் மாதத்துக்கு ஒருமுறையாவது பேச்சை முறித்துக்கொள்கிறவர்கள். தேநீர் நேரம் வந்ததும் முறித்தவர் வாசலில் வந்து நிற்பார். உள்ளேயிருந்து மூன்றாவது குவளை வரும். சமாதானம் என்று தனியாக ஒன்றும் நடப்பதில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டால் அவர்களுக்குக் கவலை தொடங்கும். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரை கடந்து கூரைகளைப் பிய்த்தெறிந்ததும், பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததும் அவர்கள் நினைவில் இருக்கின்றன. 2015இல் வெள்ளம். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்ந்த பகுதிகளில் புகுந்தது. ஆகவே மழைக்காலத்துக்கு முன்னரே மூவரின் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, முதியோர் உதவித்தொகை வரும் வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு, ஒழுகாத வீட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். பெட்டிக்கு ஒரு பூட்டும் உண்டு. அதன் சாவி யார் இடுப்பில் இருப்பது என்பதில் முதல் ஆண்டு பெரிய சண்டை மூண்டது. வீட்டுக்காரர் தமக்கே உரிமை என்றார். கண்ணுடையவர், எழுத்தறிந்தவர் தாம் ஒருவரே என்றார். காலுடையவர், வெள்ளம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது யார் என்று கேட்டார். நாலு நாள் பேச்சில்லை. பிறகு பூட்டுக்காரனிடம் போய் மூன்று சாவி செய்துகொண்டு வந்தார்கள்.