மையும் தாளும் கற்பித்த வானவன்



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அழைத்தமையைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். என் ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க இங்கே நின்று பேசுவதில் சற்றுப் பதற்றமும் இருக்கிறது.

'வீழ்ந்த வானவர்கள்' என்னும் மையப்பொருளின் பரப்பை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இஸ்லாமிய மரபின் இப்லீஸ் மலக்கா (வானவனா), ஜின்னா என்ற பழைய வழக்கையும், அவன் ஆதமுக்குப் பணிய மறுத்ததை ஓரிறைப் பற்றாகவே கண்ட சூஃபி ஹல்லாஜின் துணிவையும் நாளைய அமர்வு எடுத்துக்கொள்ளும். கலை அமர்வில் புரூகல் 1562இல் தீட்டிய ஓவியம் திரையில் வரும்போது கீழ்ப்பகுதியை உற்றுப் பாருங்கள். விழுந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் மீனாகவும் சிப்பியாகவும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு முளைத்த விசித்திர உருவங்களாகவும் மாறிவிடுகிறார்கள்.

வந்துள்ள கட்டுரைகளில் மில்டனைப் பற்றியவையே மிகுதி. என் மனக்குறையும் அதுதான். 1667இல் 'பாரடைஸ் லாஸ்ட்' வெளிவந்ததிலிருந்து வானவரின் வீழ்ச்சி என்றாலே ஆணவம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஏனோக்கின் நூலில், எர்மோன் மலையில் இறங்கிய 'காவலாளர்' எனப்படும் 200 வானவர் மீதுள்ள வழக்கே வேறு. அவர்கள் மானிடப் பெண்களை மணந்தார்கள், மறைபொருள்களைக் கற்பித்தார்கள். வாள் அடிக்கவும் கண்ணுக்கு அஞ்சனம் தீட்டவும் சொல்லிக்கொடுத்தவன் அசாசேல். இதுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவதுதான். 69ஆம் அதிகாரத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். அங்கே பெனெமூவே என்றொருவன் வருகிறான். மையும் தாளும் கொண்டு எழுதக் கற்பித்தான் என்பதே அவன் குற்றம். தன் நேர்மைக்கு எழுத்தைச் சாட்சி வைக்கவா மனிதன் படைக்கப்பட்டான் என்று நூல் அங்கே கடிந்துகொள்கிறது. எழுத்தால் வாழும் நாம் இந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த அதிகாரம் அடங்கிய 'உவமைகள்' பகுதி எத்தியோப்பியாவின் கீயெஸ் மொழியில் மட்டுமே கிடைக்கிறது. கும்ரான் குகைகளின் அரமேயத் துணுக்குகளை 1976இல் பதிப்பித்த மிலிக், அங்கே இப்பகுதி இல்லாததைக் காட்டி, இது கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கிறித்தவப் படைப்பு என்றார். அவருடைய உழைப்பின் முன் நாமெல்லாம் சிறியவர்கள். ஆனால் எஸ்தர் நூலும்தான் கும்ரானில் கிடைக்கவில்லை. அதைப் பிற்கால நூல் என்று யாரும் ஒதுக்கவில்லையே! மிலிக்கின் காலக்கணிப்பைப் பெரும்பாலான அறிஞர் பின்னர் ஏற்கவில்லை. இருந்தும், நான் பெரிதும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர் முன்பொரு கருத்தரங்கில் பெனெமூவே பற்றிய என் கட்டுரையை 'இடைச்செருகல் ஆராய்ச்சி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அன்று பதில் சொல்ல நேரம் தரப்படவில்லை, இன்று சொல்கிறேன்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலிகள் நூல், மனிதருள் முதலில் எழுத்துக் கற்றவன் ஏனோக்கு என்று புகழ்கிறது. ஆக, எழுத்து வரமா வினையா என்ற வாதம் அந்த யூதச் சூழலிலேயே உயிரோடு இருந்தது. பெனெமூவே அந்த வாதத்தின் மறுதரப்பு. ஏனோக்கு நூலின் பழைய பகுதியையே பாருங்கள். வெட்கத்தால் வானத்தை நிமிர்ந்து பார்க்க முடியாத காவலாளர், தங்களுக்காக மன்னிப்பு மனு எழுதித் தரும்படி ஏனோக்கிடம் மன்றாடுகிறார்கள். அவனும் எழுதி, தாண் நீர்நிலையருகே அமர்ந்து, உறங்கிப்போகும்வரை அதை வாசிக்கிறான். மனு தள்ளுபடியாகிறது. எழுத்து மீட்காது என்ற ஐயம் அங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது. 69ஆம் அதிகாரம் அதன் விளைச்சல் என்பதே என் துணிபு. யாரோ பிற்காலத்தில் ஒட்டவைத்த துண்டு அல்ல.

புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் மேற்கோள் காட்டிய நூல் ஏனோக்கு. அகஸ்டின் இதை விலக்கிய பின்னும் எத்தியோப்பியச் சபை தன் மறைநூலாகவே காத்தது. 1773இல் ஜேம்ஸ் புரூஸ் சுவடிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்ததை 'கண்டுபிடிப்பு' என்று இனியும் எழுத வேண்டாம். எத்தியோப்பியாவில் அதை யாரும் தொலைக்கவில்லை.

நம் துறையில் கீயெஸ் கற்பிக்க ஒரு வகுப்பேனும் தொடங்க வேண்டும், இம்மாநாட்டு நிதியின் மிச்சத்தை அதற்கே ஒதுக்க வேண்டும் என முன்மொழிகிறேன். மாலைப் பொதுக்குழுவில் இதை வாக்கெடுப்புக்கு விடுவேன். மறுப்பவர்கள் 69ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.